இருந்ததற்கு என்ன ஆதாரம்?

பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், பெயர் குறிப்பிட அவசியமில்லாத ஒரு காவல் நிலையம், சென்னை.

பொருள்: வீட்டு வாசலில் நிற்கும் காரைத் திருட்டிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு வரும் கேடு மூன்று வகை: முழுக் காரும் போவது, பாகம் போவது, கீறப்படுவது. இரண்டாம் வகைக்குச் சென்ற வாரத்து உதாரணம், நான்கு சக்கரமும் கழற்றப்பட்டுச் செங்கல் அடுக்கின் மேல் நின்ற ஒரு கார். புகாரோடு வந்த உரிமையாளரிடம் நிலைய ரைட்டர் கேட்டது: “சக்கரம் இருந்ததுக்கு என்ன ஆதாரம்?” கார் வாசல் வரை எப்படி வந்தது என்ற ஆராய்ச்சிக்கு நிலையத்துக்கு நேரமில்லை. ஆழமான கேள்வி என்பதால், பாதுகாப்பு முறைகள் யாவும் அதையொட்டியே இங்கே தொகுக்கப்படுகின்றன.

இடம்: சுற்றுச்சுவருக்குள் நிறுத்துவதே நல்லது. முன் சக்கரங்களை ஒரு பக்கமாகத் திருப்பி ஸ்டியரிங்கைப் பூட்டினால் வண்டியை இழுத்துச் செல்வது சிரமம். தெருவில் நிறுத்துவோர் விளக்குக் கம்பத்தடியை நாடுவர். கம்பம் நிச்சயம் இருக்கும். அதில் விளக்கு எரிந்ததற்குத்தான் ஆதாரம் திரட்ட வேண்டும்.

பூட்டு: ஸ்டியரிங் பூட்டும் கியர் பூட்டும் திருடனைத் தாமதப்படுத்தும், அதுவே பாதி வெற்றி. சாவியை எடுக்காமலே திறக்கும் கார்களுக்குப் புது ஆபத்து உண்டு. வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலைக் கருவியால் பிடித்து வாசலில் நிற்கும் காருக்குக் கடத்திவிடுகிறார்கள். சிக்னலைத் தடுக்கும் உறையில் சாவியைப் போட்டு வைப்பது இதற்கு மருந்து. ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சிச் சங்கம் அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், 500 ரூபாய்க்கு மேல் போகாமல், தள்ளுபடி உண்டு. காரோடு கருவியும் போய்விட்டால், அது இருந்ததற்கான ஆதாரமும் உடன் போகும்.

பாகம்: சக்கரத்துக்கு ஒரு நட்டாவது தனிச் சாவியால் மட்டும் கழலும் ‘வீல் லாக் நட்’டாக இருக்க வேண்டும். புகைக்குழாயோடு இணைந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. மாருதி ஈக்கோ வண்டிகளில் இது அடிக்கடி அறுத்தெடுக்கப்படுகிறது. உரிமையாளரே ஆயுளில் பார்த்திராத பாகம் என்பதால், இருந்ததற்கான ஆதாரம், மறுநாள் காலை வண்டி டிராக்டர் போல உறுமுவது மட்டுமே.

கீறல்: தெருவில் உடைந்த நாற்காலியும் பூந்தொட்டியும் வைத்து இடம் பிடிப்பவர்களோடு வரும் சண்டை, பல நேரம் கார்க் கதவில் ஆணிக் கோடாக முடியும். சேதம் 20,000 ரூபாய்க்குக் குறைவென்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிப் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. எனவே நம்பர் பிளேட்டும் முகமும் தெரியும் கோணத்தில், இரவிலும் பதியும் கேமரா தேவை. பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழித்துவிடுமுன் நகலெடுக்க வேண்டும். மின்னணு ஆதாரம் என்பதால், பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். கீறலுக்கு முன் பெயின்ட் இருந்ததற்கான ஆதாரம் இதில் அடங்காது.

புகார்: திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம். அத்தகைய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013-இல் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்கு நடைமுறை வேறு. நான்கு சக்கரத்தையும் 5,000-க்குள் விற்கும் கடை நிலையத்துக்குத் தெரிந்திருந்தால் முகவரி தந்து உதவலாம். ஆதாரம் தேடுவது போலீஸின் வேலை. பொருளைப் பறிகொடுத்தவரின் வேலை இல்லை. வெள்ளைத்தாளையும் தானே வாங்கி வந்து கொடுத்தவரைக் குற்றவாளியாக நிற்க வைத்து விசாரிப்பது அசிங்கம். பொறுத்தருள்க, கடைசி மூன்று வாக்கியங்களும் எழுத்துப் பிழைகள். எப்.ஐ.ஆருக்குப் பதிலாக, புகார் வந்து சேர்ந்ததற்கு அடையாளமான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை நிலையம் பெருந்தன்மையோடு அளித்ததைப் பதிவு செய்வது கடமை. எப்.ஐ.ஆர். மறுக்கப்பட்டால் உயரதிகாரிக்குத் தபாலிலும், அதன்பின் நீதித்துறை நடுவரிடமும் முறையிடச் சட்டம் இடம் தருகிறது. நிலையத்தின் மேல் உள்ள பக்தியால் அந்தக் கதவு இன்னும் தட்டப்படவில்லை.

காப்பீடு: டயருக்குப் பாதி விலையே கிடைக்கும். கட்டாயக் கழிவாக, 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் போகும். பல ஆண்டு இழப்பீடு கோராமல் சேர்த்த 50 சதவீத போனஸ், புதுப்பிக்கும்போது பூஜ்யமாகும். முழுக் காரும் போனால் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். இத்தனைக்கும் முதலில் வேண்டியது எப்.ஐ.ஆர். நகல், அதை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். அந்த ஒரு தாளைத்தான் மனுதாரர் கேட்கிறார்.

இப்படிக்கு,
மனுதாரர்