செலக்ட் ஆயிட்டீங்க சார்!

திருவாலங்காடு ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்கும் கூட்டத்தில் அவரை மட்டும் தனியாகத் தெரியும். மற்றவர்கள் அரக்கோணம் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அவர் தண்டவாளத்துக்கு முக்கால் முகம் காட்டி நிற்பார். இடது பக்கம்தான் தன் நல்ல பக்கம் என்று யாரோ சொல்லிக் கெடுத்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் மூன்று நாள் தாடி நான்காம் நாள் நான்கு நாள் தாடியாகிவிடும். அவருக்கு வருஷம் முழுக்க மூன்று நாள் தாடிதான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை உண்டு, சட்டைக்குள் இருக்கும். அந்த அட்டையைக் கேட்டால் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லும். அவருடைய இன்ஸ்டாகிராமைக் கேட்டால் ‘ஆக்டர்’ என்று சொல்லும்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆடிஷன் தம்பி. ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். மணவூரில் ஒரு தம்பி, கடம்பத்தூரில் இன்னொரு தம்பி, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் ஷிப்டுக்கு ஒரு தம்பி.

நடிக்கத் தெரியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர். துரியோதனன் அடவை அப்படியே ஆடிக் காட்டுவார். ஒருமுறை லீவுக்காக போர்மேன் முன்னால் வயிற்றுவலி வந்தவர்போல் நடித்தார். போர்மேன் கலங்கிப்போய் தன் சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து அனுப்பினார். இவ்வளவு திறமை இருப்பவர், இதைவிடத் திறமையான நடிகன் ஒருவன் தினமும் தன்னிடம் போனில் நடிக்கிறான் என்பதை மட்டும் கண்டுபிடிக்க மாட்டார்.

தம்பிக்கு ஒரு வேதம் உண்டு. அது பாண்டியன் கதை. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் வளையல் விற்றுக்கொண்டிருந்த பையனை பாரதிராஜா பார்த்தார், 1983-ல் ‘மண்வாசனை’ வந்தது, பையன் கதாநாயகன் ஆனார். தம்பி இதைச் சொல்லும்போது வளையல் சத்தம்கூடக் கேட்கும். அடுத்த அத்தியாயம் கார்த்திக். சும்மா விளையாடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு ‘அலைகள் ஓய்வதில்லை’யில் போட்டார் என்பார். கார்த்திக் நடிகர் முத்துராமனின் மகன் என்ற வரி தம்பியின் பதிப்பில் இருக்காது. ஆக, நல்ல முகத்தைத் தேடி சினிமா தானே வந்து சேரும், நாம் முகத்தைத் தயாராக வைத்திருந்தால் போதும் என்பது சித்தாந்தம். வளையல் விற்றவரிடம் பாரதிராஜா ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் கேட்கவில்லையே என்று நாம் கேட்டால், “அது அந்தக் காலம்ணா” என்பார்.

அந்தக் காலத்தில் சினிமா ஆசைக்கு ஒரு கேட் இருந்தது. ரயிலேறிப் போனால் ஸ்டுடியோ வாசலில் காவல்காரர் நிறுத்துவார். அவரைத் தாண்டினால் உள்ளே ஒருவர் ஏற இறங்கப் பார்ப்பார். ஜெமினி ஸ்டுடியோவில் அப்படி வாய்ப்புத் தேடி வருகிறவர்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்த ஒருவர்தான் பிற்பாடு ஜெமினி கணேசன் ஆனார். மனசு உடைந்து திரும்பினாலும் கையில் திரும்பி வரும் ரயில் டிக்கெட்டுக்குக் காசு மிச்சம் இருக்கும். இப்போது கேட்டும் இல்லை, காவல்காரரும் இல்லை. சினிமாவே ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸாப்பில் வந்து கதவைத் தட்டுகிறது.

தட்டும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முகப்புப் படத்தில் பெரிய டைரக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே பெரிய கம்பெனியின் முத்திரை. ‘ஆண், பெண், 5 வயது முதல் 60 வயது வரை, அனுபவம் தேவையில்லை, தினச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.’ நிஜமான அறிவிப்பு இப்படி இருக்காது. இருபத்தைந்து வயசுக்குள், கொங்குத் தமிழ் பேசத் தெரிந்த, புல்லட் ஓட்டத் தெரிந்த, கொஞ்சம் மாநிறமான ஆள் என்று கேட்டு நூற்றில் தொண்ணூற்றொன்பது பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். படம் எடுக்கிறவனுக்கு ஒரு ஆள் போதும். பணம் பிடுங்குகிறவனுக்கு எத்தனை பேர் வந்தாலும் போதாது. அதனால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். அடியில் ஒரு வரி மறக்காமல் இருக்கும்: ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.’ தம்பிக்கு நம்பிக்கை வந்ததே அந்த வரியைப் படித்துத்தான்.

தம்பி மொட்டை மாடியில் நின்று வசனம் பேசி அனுப்புகிறார். மூன்று நிமிஷ வீடியோ. அனுப்பி ஒரு நிமிஷம் ஆவதற்குள் பதில் வருகிறது: “செலக்ட் ஆயிட்டீங்க சார்! டைரக்டர் சார் பார்த்துட்டு அழுதுட்டாரு.” மூன்று நிமிஷ வீடியோவை ஒரு நிமிஷத்தில் பார்த்து, அழுது, கண்ணைத் துடைத்து, கேஸ்டிங் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்ல எந்த டைரக்டரால் முடியும்? தம்பி கணக்கில் கெட்டிதான், ஆனால் பாராட்டுக்கு முன்னால் கணக்கு எடுபடாது.

அந்த ‘சார்’ ஒன்றே போதும், எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நிஜ சினிமா ஆபீஸ் சாலிகிராமத்தில் ஏதாவது மாடியில் இருக்கும். உதவி இயக்குநர் தூக்கக் கலக்கத்தோடு, “போட்டோ வச்சுட்டுப் போப்பா, கூப்பிடுறோம்” என்பார். பெரும்பாலும் கூப்பிட மாட்டார். மரியாதை கிடைப்பதற்குப் படம் ஓட வேண்டும். முதல் போனிலேயே மூன்று ‘சார்’ போடுகிற ஆள், ‘சார்’ ஒன்றுக்கு எவ்வளவு வசூலிப்பது என்று ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

முதலில் பதிவுக் கட்டணம், சும்மா 1,499 ரூபாய், முழுக்கத் திரும்பக் கிடைக்கும். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பிறகு ஆர்ட்டிஸ்ட் கார்டு. பிறகு காஸ்ட்யூம் டெபாசிட். பிறகு அக்ரிமென்ட் முத்திரைத்தாள் செலவு. கடைசியில் ஐதராபாத்தில் லுக் டெஸ்ட், ரூம் புக்கிங்குக்கு முன்பணம். தொகை ஒவ்வொரு படியாக ஏறும். ஏற்கெனவே கட்டியதை விட மனசில்லாமல் தம்பியும் கூடவே ஏறுவார். ஸ்கேன் செய்யும்போது யாருக்குப் பணம் போகிறது என்று போனே பெயரைக் காட்டும். படக் கம்பெனி பெயர் வராது, எங்கோ வடக்கே ஒரு ஜெனரல் ஸ்டோர்ஸ் பெயர் வரும். “அது அவங்க அக்கவுண்டன்ட்டோட கடைண்ணா.” தம்பியே காரணம் கண்டுபிடித்துத் தந்துவிடுவதால் எதிராளிக்குப் பொய் சொல்லும் வேலை பாதி குறைகிறது.

இதில் தம்பியை முழுசாகக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவர் காக்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோதே ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் கமிஷன் வாங்கினார். சீருடைக்கும் ஷூவுக்கும் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். வேலை என்றால் முதலில் நாம்தான் கொடுக்க வேண்டும் என்று இந்தத் தொழிற்பேட்டை வட்டாரம் பையன்களுக்குப் பழக்கிவைத்திருக்கிறது. சினிமாவும் ஒரு கம்பெனிதானே?

பலகை மாட்டிப் படம் எடுக்காமல் இருப்பது நமக்குப் புதுசும் இல்லை. 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பாவாக வந்த நாகேஷ் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பலகை வைத்தார். ஆனால் அந்தச் செல்லப்பா யோக்கியன். பணம் கேட்டது பெற்ற அப்பாவிடம் மட்டும். கதாநாயகியிடம் ஜிஎஸ்டி கேட்கவில்லை.

ஒப்பந்தம் ஒன்றும் வந்தது. தம்பி அதைக் கலர் பிரின்ட் எடுத்து லாமினேஷன் செய்து வைத்திருக்கிறார். இதே ஊருக்கு உரிய ஒப்பந்தம் ஒன்று 1905-ல் வெளிச்சத்துக்கு வந்தது, முதலாம் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு. 31 ஏடுகள், வளையம், அரச முத்திரை. பழையனூரை இந்த ஊர்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த விவரம். கொடுத்தது யார், அவர் யார் பிள்ளை, எந்த ஊர், எல்லை எங்கே என்று ஆயிரம் வருஷம் கழித்தும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தம்பியின் ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு விலாசம் இல்லை, படத்துக்குப் பெயர் இல்லை, டைரக்டர் பெயரில் ஓர் எழுத்து தப்பு. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம் மின்னுகிறது.

தம்பியின் அத்தை பத்து வருஷமாகச் சீட்டுப் பிடிப்பவர். போனை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

“செலக்ட் ஆயிட்டன்றியே, துட்டு எப்போ தராங்கோ?”

“மொதல்ல நாமதான் அத்தை கட்டணும். அப்பாலதான் அவங்க தருவாங்க.”

“இன்னாடா இது! கரும்பு வெட்டப் போறவன் ஆலைக்காரனுக்கா கூலி குடுப்பான்?”

“இது சினிமா அத்தை. உனக்குத் தெரியாது.”

“சினிமா தெரியாது நைனா. துட்டு தெரியும். நம்ம கூத்து வாத்தியாரைக் கூப்டணும்னா தாம்பூலம் வச்சு அட்வான்ஸ் குடுத்துதானே கூப்புடுறோம்? அவரா நமக்குக் குடுக்கிறாரு?”

போலி ஆடிஷனைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எத்தனை பேர் பேசினாலும் அத்தையின் கேள்விக்கு மேல் ஒன்றும் சேர்க்க முடியாது. பணம் எந்தப் பக்கமாக நடக்கிறது, அவ்வளவுதான். தம்பி அன்று இரவே ஆர்ட்டிஸ்ட் கார்டுக்குக் கட்டினார்.

அத்தை பழையனூர் பக்கத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மண்ணில் நடந்ததாகச் சொல்லும் நீலி கதையில் நடிப்பு, பிணை, நடுவர் குழு எல்லாமே உண்டு. வணிகனைப் பழிவாங்க வந்த நீலிப் பேய், கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘என் புருஷன் என்னைக் கைவிட்டான்’ என்று எழுபது வேளாளர் முன்னால் அழுதது. எழுபது பேரும் உருகினார்கள். ‘உன் உயிருக்கு நாங்கள் பிணை’ என்று வணிகனிடம் சொல்லி, அவன் பாதுகாப்புக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கிவைத்து அனுப்பினார்கள். பொழுது விடிந்தபோது அவன் உயிரோடு இல்லை. கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அவர்களுக்கு இங்கே நினைவு மண்டபமே இருக்கிறது. பஞ்சாயத்தில் பழுத்த எழுபது பேருக்கே அப்படி என்றால், ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு போனைப் பார்க்கும் ஒருவர் எம்மாத்திரம்? ஒரே வித்தியாசம், நீலி முன்பணம் வாங்கவில்லை.

இதே ஊரில்தான் காளியும் சிவனும் ஆடிப் போட்டி போட்டார்கள், கோயிலில் உள்ள இரத்தின சபை அதற்குச் சாட்சி. விழுந்த குண்டலத்தைக் காலால் எடுத்து, அந்தக் காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டினார் சிவன் என்பார்கள். முஞ்சிகேச முனிவரும் கார்க்கோடகன் என்ற பாம்பும் நேரில் பார்த்தார்கள். அந்த ஆடிஷனுக்கு இடம் ஊருக்கே தெரியும், முடிவை அங்கேயே சொல்லியாயிற்று. “இதுல ஜெயிக்க எவ்ளோ கட்டினாங்க?” என்று அத்தை கேட்பார்.

சினிமா கம்பெனிகளும் சும்மா இல்லை. எங்கள் படங்களுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் யாரையும் நாங்கள் வைக்கவில்லை என்று கமல்ஹாசனின் ராஜ்கமல் பிலிம்ஸ் எச்சரித்திருக்கிறது. 2023-ல் சல்மான் கான் பிலிம்ஸும் இப்படியே அறிவித்தது. தம்பிக்கு இரண்டையும் அனுப்பினேன். “பார்த்தீங்களா அண்ணா, எனக்கு வந்தது இந்த ரெண்டு கம்பெனியும் இல்ல. அப்ப அது ஒரிஜினல்தான்” என்று பதில் வந்தது.

ஏமாறுவதற்குத் திருவாலங்காட்டில் பிறந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹாலிவுட்டின் ஒப்பனைக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், சண்டைப் பயிற்சியாளர்கள் எனப் பலர், பெரிய ஸ்டுடியோத் தலைவியின் குரல் என்று நம்பி, சொந்தக் காசில் விமானம் ஏறி ஜகார்த்தாவில் போய் இறங்கினார்கள். கார் டிரைவருக்கு இவர்கள்தான் ரொக்கம் கொடுத்தார்கள், பிறகு கணக்குத் தீர்ப்பதாகப் பேச்சு. கடைசிவரை படம் இல்லை. பல பெண் குரல்களில் பேசியது ஹர்கோபிந்த் தஹில்ரமானி என்ற ஒரே ஆண் என்பது அமெரிக்கத் தரப்பின் குற்றச்சாட்டு. 2020 கடைசியில் மான்செஸ்டரில் அவரைப் பிடித்தார்கள். குற்றச்சாட்டு உண்மையானால், அந்த விவகாரம் முழுக்க நிஜமாகவே ஆடிஷனில் தேறக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

சிரிப்பை ஒரு நிமிஷம் தள்ளி வைக்கிறேன். தம்பி இழப்பது பணம். இதே ஆசை உள்ள தங்கைகளிடம் கேட்பது வேறு. கேரக்டருக்குத் தேவை என்று ராத்திரியில் வீடியோ கால், உடை பற்றிய நிபந்தனை, தனியாக ஹோட்டலுக்கு வரச் சொல்வது, பிறகு அந்த வீடியோவை வைத்தே மிரட்டல். நிஜ ஆடிஷனில் வசனத்தாள் கொடுப்பார்கள், பகலில் ஆபீசில் நாலு பேர் முன்னால் நடக்கும், கூட ஆளை அழைத்துப் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். துணைக்கு ஆள் வேண்டாம் என்ற ஒரு வார்த்தை வந்தாலே போனை வைத்துவிடலாம். மாட்டிக்கொண்டாலும் வெட்கப்பட வேண்டியது மிரட்டுகிறவன்தான்.

பணம் போனால் கூப்பிட வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். ஆனால் தம்பி போலீசுக்குப் போவதில்லை. புகார் கொடுத்தால் கம்பெனி கோபித்துக்கொண்டு வேறு ஹீரோவைப் போட்டுவிடும் என்று பயம்.

இப்படி ஒரு தம்பி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவருக்குப் புத்தி சொல்லாதீர்கள், பலித்ததில்லை. அவர் போனை வாங்கி 1930 எண்ணை ‘புரொடக்‌ஷன் மேனேஜர்’ என்ற பெயரில் பதிந்து கொடுத்துவிடுங்கள். பணம் போன ராத்திரி அவர் முதலில் கூப்பிடப் போவது அந்தப் பெயரைத்தான்.