பேராண்டி, எந்தப் படையை எடுக்கப் போறே?

ஏன்டா பேராண்டி, மங்கோலியனா, பிராங்கா, திராவிடனான்னு ஒரு மணி நேரமா பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டிருக்கியே, முகூர்த்தம் தப்பிடப் போகுது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கம்ப்யூட்டர் ஆட்டத்தோட ரெண்டாம் பாகத்துல 40க்கு மேல நாகரிகம் இருக்காமே! நம்ம திருச்சிக்காரனுக்கு இந்தத் தலைவலியே இருந்ததில்ல. சோழன் உறையூர்ல உட்கார்ந்தான், பல்லவன் மலைக்கோட்டையைக் குடைஞ்சான், ஹொய்சளன் சமயபுரத்துக்கிட்ட கண்ணனூர்ல கொலு வச்சான், நாயக்கர் வந்தார், நவாப் வந்தார். எங்க பாட்டனைக் கேட்டுக்கிட்டு எவனும் வரல. வந்தப்புறம் வரியைத்தான் கேட்டான்.

மங்கோலியனை எடுக்கிறேங்கிறே. வேட்டையில அவன் ஆளுக்கு 40 சதவீதம் வேகமாம். உங்கம்மா மூணு தரம் கத்தினாத்தான் நீ கண்ணையே திறக்கிறே. பொருத்தம் ஜோர்!

சரி, பிராங்குதான்னா, குதிரைமேல கவசம் மாட்டிக்கிட்டு ஜம்முனுதான் இருக்கான். அந்த வழியில வந்த பிரெஞ்சுக்காரன் நம்ம ஸ்ரீரங்கத்துக்கே வந்தான், தெரியுமா? 1752ல நவாப் பட்டத்துக்குச் சண்டை. திருச்சிக் கோட்டைக்குள்ள முகமது அலி. வெளியில சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும். முகமது அலிக்கு ஒத்தாசையா இங்கிலீஷ்காரன் லாரன்ஸ் வந்ததும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா ஸ்ரீரங்கம் தீவுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டார். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், கோயிலுக்கு ஏழு மதில். யார் அசைக்க முடியும்? இங்கிலீஷ் படையில இருந்த கிளைவ் மதிலை முட்டவே இல்ல. கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தைப் பிடிச்சு, புதுச்சேரியிலேருந்து வர்ற சாமானை மறிச்சுட்டான். ஜூன் மாசம் லா சரணடைஞ்சார். சந்தா சாகிப் தஞ்சாவூர்ப் படைகிட்ட சிக்கித் தலையையே கொடுத்தார்.

நீயும் நேத்து லா பண்ணினதையேதான் பண்ணினே. கோட்டைமேல கோட்டையாக் கட்டினே, வயல்ல நாலே ஆளு. தோத்துட்டு, ‘இந்தப் படை சரியில்ல தாத்தா’ங்கிறே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

என்னைக் கேட்டா திராவிடனை எடு. 2022லதான் சேர்த்தாங்களாம். ஊர்ப்பாசத்துல சொல்றேன்னு நினைக்காதே, கணக்கைப் பாரு: ஒவ்வொரு யுகம் தாண்டும்போதும் 200 மரம் சும்மா வருது, மீன்படகு மத்தவனைவிட 15 கூடுதலா அள்ளிக்கிட்டு வருது. நைட்டுக் குதிரைப்படை கிடையாதேன்னு மூஞ்சியைத் தூக்காதே. பாண்டியன் அரபு நாட்டுக் குதிரையைக் கப்பல் கப்பலா இறக்கியும், பார்த்துக்கத் தெரியாம சாகவிட்டாங்கன்னு மார்க்கோ போலோவே எழுதி வச்சிருக்கான். ஆட்டத்தைப் பண்ணினவன் விவரமானவன்தான்! ஆனா தண்ணியே இல்லாத மேப்புல திராவிடனை எடுத்து அடி வாங்கிட்டு என்னைத் திட்டக்கூடாது, ஆமா.

எவனை எடுத்தாலும் முதல்ல சோத்துக்கு ஆள் போடு. சோறுன்னதும் ஞாபகம் வருது, ரேஷன் கடையில இன்னைக்கு அரிசி போடறான். பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு, மங்கோலிய வேகத்துல.