முதுகெலும்பு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்

"மேலாளரோடு எப்போதாவது கருத்து வேறுபாடு வந்திருக்கிறதா? எப்படிச் சமாளித்தீர்கள்?"

ஹெச்.ஆர். ரவுண்டில் இந்தக் கேள்வி கட்டாயம் உண்டு. வந்ததே இல்லை என்றால் நீங்கள் பொய்யர். வந்தது, விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அடங்காப்பிடாரி. இரண்டுக்கும் நடுவே பதமாக ஒரு பொய் வேண்டும். அதைச் சமைக்கச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். 'ஸ்டார்' முறையாம். சூழல், பணி, செயல், விளைவு. நீங்கள் பணிவோடு டேட்டா காட்டுவீர்கள். மேலாளர் பெருந்தன்மையோடு தலையாட்டுவார். கிளையன்ட் பூரிப்பார். வில்லனே இல்லாத கதை. இதை நம்புவதாக எதிரே மூன்று பேர் நடிப்பார்கள். சம்பளத்துக்கு.

அசல் கதையைச் சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை கால். "ரெண்டு வாரத்துல முடியாது சார், டெஸ்டிங்குக்கே ஒரு வாரம் வேணும்" என்கிறாள் ஒரு பெண். "நெகட்டிவா பேசாதீங்கம்மா" என்கிறார் மேலாளர். மற்ற எட்டுப் பேரும் மியூட்டில். வேலை முடிய ஆறு வாரம் ஆகிறது. அப்ரைசலில் அவளுக்கு எழுதப்படுவது: 'குழுவோடு ஒத்துழைப்பதில் முன்னேற்றம் தேவை.' பெல் கர்வின் அடியில் தள்ள யாராவது ஒருத்தர் வேண்டுமே! பிறகு பி.ஐ.பி. எனும் 'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்'. பிறகு, "நீங்களே ராஜினாமா பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்." அடுத்த கம்பெனியில் அதே கேள்வி காத்திருக்கிறது. அவளிடம் உண்மையான பதில் இருக்கிறது. அதை மட்டும் சொல்லக்கூடாது.

அமேசான் இதைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது: முதுகெலும்போடு மறுத்துப் பேசு, முடிவானபின் முழுமூச்சாக ஒத்துழை. மற்ற கம்பெனிகள் இரண்டாம் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன.

எழுத்தில் இருப்பதற்கு என்ன மதிப்பு? அமெரிக்காவின் என்ரான் 2000இல் தன் ஊழியர்களுக்கு 64 பக்க நெறிமுறைக் கையேடு கொடுத்தது. மரியாதை, நேர்மை எல்லாம் அதில் இருந்தன. மறு ஆண்டு ஆகஸ்டில் அதன் துணைத் தலைவர்களில் ஒருவரான ஷெரான் வாட்கின்ஸ் அதை நம்பிவிட்டார், பாவம். கணக்கில் தில்லுமுல்லு இருக்கிறது, கம்பெனி வெடித்துவிடும் என்று தலைவர் கென்னத் லேவுக்குக் கடிதம் எழுதினார். நேரிலும் போய்ச் சொன்னார். எவ்வளவு பக்குவமான கருத்து வேறுபாடு! ஸ்டார் முறைக்கே பாடமாக வைக்கலாம்.

இரண்டே நாளில் கம்பெனிக்கு வழக்கறிஞர்களின் குறிப்பு வந்து சேர்ந்தது. கணக்கைப் பற்றி அல்ல. இப்படிப் புகார் சொல்பவரை வேலையை விட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. கம்பெனி இருந்த டெக்சஸ் மாநிலச் சட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

அவரை அனுப்புவதற்குள், டிசம்பரில், கம்பெனி திவாலாகிவிட்டது.