தேய்ந்த செயினுக்கு ஒரு கட்டம் வேண்டி

பெறுநர்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள், சென்னை தென்கிழக்கு (டிஎன் 06), மந்தைவெளி.

பொருள்: 15 வயது கடந்த மோட்டார் சைக்கிளின் செயினைத் தங்கள் மேலான பார்வைக்குக் கொண்டுவருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 41 மற்றும் 52, படிவம் 25.

ஐயா / அம்மா,

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். புதுப்பிக்க வருபவரிடம் இன்சூரன்ஸ் கேட்கிறீர்கள், புகைச் சான்றிதழ் கேட்கிறீர்கள், பசுமை வரி கேட்கிறீர்கள், சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சும் கேட்கிறீர்கள். சேஸ் நம்பர் தேயாத பொருள். அதைத்தான் தேய்த்துப் பார்க்கிறோம். அல்லும் பகலும் தேய்கிற செயினுக்குப் படிவம் 25-இல் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன ஆர்எக்ஸ் 100 இன்றும் மந்தைவெளி மார்க்கெட் முனையில் உறுமிக்கொண்டு நிற்கிறதென்றால், அதில் அன்று வந்த உறுப்பு எத்தனை மிச்சம்? டயர் மாறியிருக்கும், சீட் மாறியிருக்கும், எஞ்சின் போர் போட்டிருப்பார்கள். வண்டிக்கு வயது காலண்டரில் ஏறுவதில்லை, உறுப்பு உறுப்பாக ஏறுகிறது. பழைய வண்டியைச் சொந்தக்காரர் எப்படி வைத்திருக்கிறார் என்று ஒரே பார்வையில் காட்டிக்கொடுக்கும் உறுப்பு செயின்தான். தாங்கள் வயதைக் கேட்பதை நிறுத்திச் செயினைக் கேட்க வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

தங்கள் அலுவலகம் தன்னை அறியாமலே செயினைப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறது என்பதை முதலில் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன். பதிவுச் சான்றிதழில் இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. செயின் நீள்கிறது என்று நாம் சொன்னாலும் இரும்புத் தகடு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஆணியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி (பிட்ச்) கூடுகிறது. அரை அங்குலப் பிட்ச்சில் 118 கண்ணி கொண்ட செயின் புதிதில் சுமார் 1,499 மி.மீ. இருக்கும். 2 சதவீதம் தேய்ந்தால் 30 மி.மீ. கூடும், மேலும் கீழுமாக இரண்டு ஓட்டம் என்பதால் பின் சக்கரத்தை அதில் பாதி, அதாவது 15 மி.மீ., பின்னுக்கு இழுத்து டைட் வைக்கிறார் மெக்கானிக். உடனே சக்கர இடைவெளி சான்றிதழோடு முரண்படுகிறது. சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. ஆக, செயின் டைட் வைத்த ஒவ்வொருவரும் தங்கள் முன் அனுமதி பெறாத குற்றவாளி. பிடிக்கத் தொடங்கினால் ராமகிருஷ்ண மடம் சாலையில் நடந்து போகிறவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

எந்தச் செயின் வாங்குவது என்ற கேள்வியையும் அரசு குடிமகனின் தலையெழுத்துக்கே விட்டுவிட்டது. செயினுக்குப் பஞ்சமில்லாத மாநிலம் இது: டைமண்ட் சென்னைச் செயின், ரோலான் கோவைச் செயின். ஆனாலும் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பழைய வண்டிக்காரர் கேட்கும் முதல் பதில், 'எல்லாம் ஒரே சைஸ்தான்' என்பதே. 420 எண் செயினுக்கும் 428-க்கும் பிட்ச் ஒன்று, 12.7 மி.மீ.; அகலம் வேறு. 428-க்கு வெட்டிய பல்லில் 420 உட்காராது. 420-க்கு வெட்டிய பல்லில் 428 உட்கார்ந்து ஆடும். 520 என்றால் பிட்ச்சே வேறு, 15.875 மி.மீ. முதல் இலக்கம் பிட்ச் எத்தனை எட்டில் ஒரு அங்குலம் என்கிறது, அடுத்த இரண்டு அகலத்தைச் சொல்கின்றன. இந்தக் கணக்கில் பார்த்தால் 428-இன் அகலத்துக்கு 425 என்றே பெயர் வைத்திருக்க வேண்டும். அரசாங்கக் கோப்பு எண் போல அதற்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிடலாம். கண்ணி எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்க வேண்டும். பல்சக்கரம் இரண்டையும் சேர்த்து செட்டாகத்தான் மாற்ற வேண்டும். முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால், பின் பல் ஒரு முறை உழைக்க முன் பல் மூன்று முறை உழைக்கிறது. கொக்கியாய் வளைந்த பல்லில் புதுச் செயின் போடுவது பணத்தைக் கூவத்தில் போடுவது. ஓ-ரிங் செயின் நல்லதுதான், கிரீஸை உள்ளேயே அடைத்து வைத்திருக்கும்; ஆனால் அகலம் கூடியது, பழைய எஞ்சின் மூடியில் உரசலாம். மெட்ரோ ரயில் வேலையின் மண்ணும் பட்டினப்பாக்கத்து உப்புக்காற்றும் கலக்கும் இந்தப் பேட்டையில் ஓ-ரிங்கைவிட, ஜாவாவிலும் யெஸ்டியிலும் இருந்த முழு மூடிய செயின் கவரே மேல் என்பது என் கட்சி. ஸ்டைலுக்காகக் கவரைக் கழற்றி எறிந்தவர்கள் மண்ணையும் எண்ணெயையும் குழைத்துத் தங்கள் செயினுக்குத் தாங்களே சாணை பிடிக்கிறார்கள்.

இது தனிமனிதர் விவகாரம், அரசுக்கு என்ன வேலை என்பீர்கள். அறுந்த செயின் சும்மா கீழே விழுந்துவிட்டால் தனிமனிதர் விவகாரம்தான். அது முன் பல்லருகே சுருண்டு எஞ்சின் மூடியை உடைக்கலாம், பின் சக்கரத்தில் சிக்கி அதை இறுக்கிப் பிடிக்கலாம்; பின்னால் மாநகரப் பேருந்து வருகிறது. ஆய்வாளருக்கு நேரமில்லை என்பீர்கள். புதுச் செயினில் 20 கண்ணியின் நீளம் 254 மி.மீ.; 259-ஐத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளையின் ஒரு அடி ஸ்கேல் போதும், பென்சில் அச்சு எடுக்கும் நேரம்கூட ஆகாது. மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது: கட்டம் வந்த மறுநாளே அலுவலக வாசலில் குடை விரித்து, வண்டியைப் பார்க்காமலே 'செயின் தகுதிச் சான்றிதழ்' விற்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நான் சான்றிதழ் கேட்கவில்லை, கட்டம்தான் கேட்கிறேன். அதில் எழுத வேண்டியது மில்லிமீட்டர், அளக்க வேண்டியது ஆய்வாளர்.

பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை உயர்த்தினால் பழைய வண்டி தானே ஒழியும் என்பது மேலிடத்தின் கணக்கு. 2022 ஏப்ரலில் 300 ரூபாய் 1000 ஆயிற்று. 2025-இல், 20 வயது கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2000. அந்தத் தொகைக்குச் சின்ன வண்டிக்கு நல்ல செயின் செட்டே வாங்கிவிடலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், தாங்கள் ரசீது கொடுத்து அதை வாங்கிக்கொள்வீர்கள், வண்டிக்காரர் லிங்க் வெட்டிக்கொள்வார். தொங்கும் செயினில் இரண்டு கண்ணியை வெட்டிப் போட்டால் பார்க்க விறைப்பாக இருக்கும். மிச்சக் கண்ணிகளின் தேய்மானம் அப்படியே இருக்கும். மெக்கானிக் செய்தால் அதற்கு ஒட்டு வேலை என்று பெயர், அரசிதழில் வந்தால் கொள்கை.

இப்படிக்கு,
பணிவுள்ள,
இரு சக்கர வரி செலுத்துவோன்.

இணைப்பு: ஒரு அடி எவர்சில்வர் ஸ்கேல் – 1. (அன்பளிப்பு அல்ல, அளந்து முடித்ததும் திருப்பித் தரவும்.)