ஏழரைக்குத் தவமிருப்பவர்

ஏழரை என்று ஜோசியர் வாயிலிருந்து வந்தாலே திருநள்ளாற்றுக்குப் பஸ் ஏறுகிற ஊர் நம்முடையது. அதே ஊரில், "எனக்கு எப்படியாவது ஏழரை வரணும்" என்று பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். நம்மாள். கனடா போவதற்காக ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்.

கணக்கு இதுதான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை கேட்பவர்கள் குறிவைப்பது லிசனிங்கில் 8, ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7. கூட்டினால் 29, நாலால் வகுத்தால் 7.25. கால் வந்தால் அதை அரையாக ஏற்றிப் போடுவது தேர்வின் விதி. ஆக, ஏழரை. போன தடவை நம்மாளுக்கு லிசனிங் 8.5, ரீடிங் 8, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5. சராசரி போட்டால் சாட்சாத் ஏழரை. ஆனால் ரைட்டிங்கில் அந்த அரை குறைந்ததில் வேண்டிய புள்ளிகள் கைநழுவின. கேட்ட ஏழரையைப் பிள்ளையார் கொடுத்துவிட்டார். எந்த ஏழரை என்று இவர்தான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நம்மாளைத் தெருவில் அடையாளம் காண்பது சுலபம். "ஆமா", "இல்ல" என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லமாட்டார். ஸ்பீக்கிங் தேர்வின் முதல் பகுதியில் வீடு, வேலை, பொழுதுபோக்கு என்று சில்லறைக் கேள்விகளாகக் கேட்பார்கள். அதற்குப் பதில், காரணம், உதாரணம் மூன்றும் வேண்டும் என்பது கோச்சிங் சென்டர் சார் சொல்லிக்கொடுத்த சூத்திரம். டீக்கடையில் மாஸ்டர், "சக்கரை போடவாண்ணே?" என்று கேட்டால், "போடுங்க மாஸ்டர். ஏன்னா காலையில கொஞ்சம் இனிப்பா குடிச்சாத்தான் நமக்குச் சுறுசுறுப்பு. உதாரணத்துக்கு, போன வாரம் பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பிப்பார். மாஸ்டர் அதற்குள் டீயை ஆற்றி அடுத்தவர் கையில் கொடுத்திருப்பார்.

இரண்டாம் பகுதி, கியூ கார்டு. ஒரு அட்டையை நீட்டி, குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள். பிறகு இரண்டு நிமிடம்வரை விடாமல் பேச வேண்டும். மறக்க முடியாத பயணம், உதவி செய்த மனிதர், தொலைத்துத் திரும்பக் கிடைத்த பொருள், பிடித்த போட்டோ என்று தலைப்புக்கு அளவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை நெட்டுருப் போட்டால் கட்டுப்படியாகுமா? நம்மாள் ஒரே ஒரு கொடைக்கானல் பயணத்தை ஜோடித்து வைத்திருக்கிறார். அந்தப் பயணத்தில் பஸ் தாமதமாக வருகிறது. பர்ஸ் தொலைகிறது. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் அதைக் கண்டெடுத்துத் தருகிறார். அவர் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு வெளியே வந்தால் மழை. கடைசியில் ஏரிக்கரையில் எல்லோரும் நின்று ஒரு போட்டோ. எந்த அட்டை வந்தாலும் கொடைக்கானலில் பதில் உண்டு.

சுவரைப் பார்த்து இதைப் பேசிப் பழகிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, நாம எப்பங்க கொடைக்கானல் போனோம்?"

"போகல. பரீட்சைக்கு."

"மை வைஃப் வாஸ் வெரி ஹேப்பின்னு சொன்னீங்களே?"

"அதுவும் பரீட்சைக்கு."

தடங்கலில்லாத பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நாலுக்கும் சமபங்கு மதிப்பெண். சொன்னது நிஜமா என்று எக்ஸாமினர் விசாரிப்பதில்லை. அந்த அம்மாள்தான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

உச்சரிப்பு தனிக் கூத்து. வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டும் என்று தேர்வில் யாரும் கேட்கவில்லை. பேசுவது சிரமமில்லாமல் புரிய வேண்டும், அவ்வளவுதான். நம்மாள் இதை நம்பமாட்டார். யூடியூபைப் பார்த்துப் பார்த்து, 'வாட்டர்' என்பதை 'வாரர்' என்று உருட்டப் பழகிவிட்டார். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஒருமுறை உருட்டியதில், "தொண்டை கட்டிருச்சாடா? மிளகு ரசம் வைக்கட்டா?" என்றார் அம்மா.

ரைட்டிங்கில் முதலில் ஒரு கடிதம். 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். வாடகைக்கு விட்டவருக்குப் புகார் எழுதச் சொல்வது அதில் பழகிய ரகம். இதில் நம்மாள் புலி. குளியலறைக் குழாய் ஒழுகுவதை மிகுந்த அதிருப்தியோடு சுட்டிக்காட்டி, ஒரு வாரத்துக்குள் ஆள் அனுப்பாவிட்டால் வாடகையில் பிடித்துக்கொள்ள நேரும் என்று, அட்சரம் பிசகாத ஆங்கிலத்தில் கர்ஜிப்பார். கர்ஜனை பாதியில் இருக்கும்போது அழைப்பு மணி அடிக்கும். வாசலில் நிஜ ஹவுஸ் ஓனர். உள்ளே நிஜக் குழாய், தீபாவளியிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது.

"எல்லாம் சௌகரியமா இருக்காப்பா?"

"இருக்கு சார்."

காரணமும் இல்லை, உதாரணமும் இல்லை.

அடுத்தது கட்டுரை. 40 நிமிடம், 250 சொற்கள், கடிதத்தைப் போல இரண்டு மடங்கு எடை. சனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது இங்கேதான். பிள்ளைகள் கையில் காசு கொடுத்துப் பழக்க வேண்டும் என்கிறார்கள் சிலர்; கூடாது என்கிறார்கள் சிலர். இரு தரப்பையும் அலசி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்பது கேள்வி. நம்மாள், சார் கொடுத்த "இன் திஸ் மாடர்ன் எரா"வில் தொடங்குவார். ஒரு பத்தியில் கொடுக்கச் சொல்வார். "ஆன் தி அதர் ஹேண்ட்" போட்டு அடுத்த பத்தியில் பிடுங்கச் சொல்வார். நாணயத்துக்கு இரண்டு பக்கம் என்று முடிப்பார். மனப்பாட வரிகளை எக்ஸாமினர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய ஓட்டை வேறு. 7 வேண்டுமென்றால் எழுதுகிறவர் எந்தப் பக்கம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். முடிவில் மழுப்பினால் 6-க்கு இறங்கிவிடும். எந்தப் பக்கம் என்பதை மட்டும் நம்மாள் எழுதுவதே இல்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று அப்பா சொன்னார். எந்தக் கல்லூரி என்று கட்-ஆஃப் சொன்னது. இன்ஜினியரிங்கை நாலு வருஷம் ஆங்கிலத்தில்தான் படித்தார்; அங்கே கேட்டது 13 மார்க் விடை, கருத்து அல்ல. பெண் பார்த்தது மாமா. முகூர்த்தம் குறித்தது ஜோசியர். கனடாவுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தது மைத்துனர். "உன் கருத்து என்ன?" என்று அவரை முதன்முதலாகக் கேட்டது ஐயெல்ட்ஸ்தான், அதுவும் பல ஆயிரம் ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு. முப்பது வயதுவரை கேட்காத கேள்வியைத் திடீரென்று கேட்டு, 40 நிமிடத்தில் பதில் எழுது என்றால் மனிதர் எங்கே போவார்?

போன மாதம் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. தங்கச்சி கல்யாணத்துக்குத் தென்னந்தோப்பை விற்பதா, வேண்டாமா? பெரியவர்கள் இரண்டு கட்சியாகி, குரல் ஏறி, காபி இரண்டு சுற்று வந்து போய்விட்டது. மாமா சட்டென்று திரும்பினார்.

"மாப்ளே, கனடா போகப்போற ஆளு. நீ என்ன சொல்ற?"

நம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. கை மட்டும் பென்சிலைத் தேடியது. பிறகு ஆரம்பித்தார். விற்றால் கடனில்லாமல் கல்யாணம் முடியும். வைத்திருந்தால் பைபாஸ் வரும்போது விலை ஏறும். விற்றால் காவலுக்கு ஆள் தேட வேண்டாம். வைத்திருந்தால் வீட்டுத் தேங்காய். இரண்டு நிமிடம், ஒரு தடங்கல் இல்லை. பெரியப்பா மட்டும் ஒரு கொட்டாவி விட்டார்.

"அதெல்லாம் சரி மாப்ளே. முடிவா விக்கலாமா, வேணாமா?"

"நீங்கள்லாம் பெரியவங்க. பாத்து எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம் மாமா."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான புள்ள" என்றார். அவர் மட்டும் எக்ஸாமினராக இருந்திருந்தால் அங்கேயே 9 போட்டுக் கையெழுத்தும் வைத்திருப்பார்.