அணைத்துப் போடல் இயல்

ஹெல்ப் டெஸ்க்கில் சேரும் அப்ரண்டிஸ் முதல் நாள் மதியத்துக்குள் ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்: “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?” ஐ.டி.ஐ.யில் ஓராண்டு ‘கோபா’ என்ற கணினிப் படிப்பை முடித்துவிட்டு, 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் உதவித்தொகைக்கு வந்தவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். இதற்கா படித்தோம் என்று தோன்றும். ஆனால் சூத்திரம் சிறிது, உரை பெரிது. அந்த உரையை இன்னும் எவரும் முறையாக எழுதாதது தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை என்பதால் இக்கட்டுரை அதற்குத் துணிகிறது.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கெட்டது எது என்று தெரியாமலே கெடாத நிலைக்குத் திரும்பும் வழி உணர்த்துதல் நுதலிற்று. நாள்கணக்கில் ஓடும் கணினியில் ஏதோ ஒரு மென்பொருள் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் அமுக்கி வைத்திருக்கும். பிரிண்ட் ஸ்பூலர் என்றோ கொடுத்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த அத்தனையையும் மறித்து நிற்கும். குற்றவாளி யாரென்று துப்பறிய அரை நாள் ஆகும். அணைத்துப் போட மூன்று நிமிடம். இத்தனைக்கும் அந்த அரை நாளில் வேறு பத்துப் பேர் போன் செய்துவிடுவார்கள்.

இது சோம்பேறிகளின் வைத்தியம் என்பாரும் உளர். அவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவிட்டது. மின்சாரம் நிற்காமல் 248 நாள் ஓடினால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் இருக்கும் ஓர் எண்ணி நிறைந்து வழிந்து, மின்சாரம் மொத்தமும் போய்விடக்கூடும். ஆகவே அதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திப் போடுக. விண்டோஸ் 95க்கும் இதே நோய் இருந்தது. மில்லி நொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி நிறைந்து, 49.7 நாளில் அது உறைந்துவிடும். குறை வெளியே தெரியச் சில ஆண்டுகள் பிடித்தன. அத்தனை நாள் தொங்காமல் ஓடிய விண்டோஸ் 95 எங்கே கிடைத்திருக்கும்?

இனி சர்ச்சைக்குரிய பகுதி. “பண்ணிட்டேன் தம்பி” என்று பயனர் சொல்லும்போது அவர் உண்மையில் என்ன செய்திருக்கிறார்? இதில் மூன்று மரபுகள் உண்டு. மானிட்டர் பொத்தானை அழுத்துவோர் முதல் மரபு. லேப்டாப்பை மூடித் திறப்போர் இரண்டாவது. இவ்விரண்டையும் கண்டுபிடிக்க அப்ரண்டிஸுக்கு ஒரு வாரம் போதும்.

மூன்றாம் மரபினர்தான் ஆய்வாளரைத் திணறடிப்பவர்கள். கணக்குப் பிரிவின் மூத்தவர் தினமும் மாலை முறையாக ஷட்டவுன் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். பக்கத்து மேசையே சாட்சி. ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘அப் டைம்’ பார்த்தால், கணினி மூன்று வாரமாக இடைவிடாமல் ஓடுவதாகக் காட்டுகிறது. அப்ரண்டிஸ் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறார். அவருக்கு இவர் பார்வையின் பொருள் விளங்கிவிடுகிறது. “நான் என்ன பொய்யா சொல்றேன்?”

பொய் சொல்வது அவரல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் பயனரின் நிரல்களை மட்டும் மூடிவிட்டு, இயங்குதளத்தின் கருவான கெர்னலை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் அதையே எடுத்து விரிக்கும். சீக்கிரம் திறக்கிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நேற்றைய கோளாறும் கூடவே எழுந்து உட்காரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே கெர்னல் புதிதாகத் தொடங்குகிறது. அணைத்தால் அணையாது, திரும்பப் போடு என்றால்தான் அணையும் என்ற இந்த ஏற்பாட்டை மேசைக்கு மேசை விளக்கிக்கொண்டிருப்பதிலேயே அப்ரண்டிஸின் பயிற்சிக்காலத்தில் பெரும்பகுதி கழிகிறது. இதற்கு மைக்ரோசாப்ட் உதவித்தொகையில் ஒரு பங்கு தரலாம்.

அடுத்தது அவையடக்கம். ‘பிளக் மாட்டியிருக்கா?’ என்று மேலாளரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் பார்க்காமலே ‘இருக்கு’ என்பார். சீனியர்கள் சொல்லித்தரும் வழி வேறு: “சார், பிளக்ல தூசி இருந்தாலும் இப்படி ஆகும். கழட்டி, ஒரு ஊது ஊதிட்டு மாட்டுங்க.” மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “ஆன் ஆயிடுச்சுப்பா, தூசிதான்.” தூசியின் மேல் பழியைப் போட்டு மானத்தைக் காக்கும் இந்த நயம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கும் வித்தையும் அப்படித்தான். திறக்காமல் பீப் பீப் என்று கத்திய கணினி பல சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

புறனடையும் உண்டு. மதர்போர்டில் கடிகாரத்தைக் காக்கும் சி.ஆர்.2032 பேட்டரி செத்துப்போனால் அணைப்பதே நோய்க்குக் காரணமாகிவிடும். போகும்போது சுவரில் சுவிட்சையும் நிறுத்திவிட்டுப் போகும் சிக்கன அலுவலகங்களில், அந்தக் கணினி மறுநாள் சில ஆண்டுகள் பின்தங்கிய தேதியில் கண் விழிக்கும். வங்கித் தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும். “இன்டர்நெட் போச்சு” என்று போன் வரும்.

இதைவிடப் பெரிய புறனடை 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி, தாமே ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி நீலத்திரைக்கே வந்தன. அப்போதும் தன் அஷூர் மேகச் சேவையில் ஓடும் மெய்நிகர் கணினிகள் பற்றி மைக்ரோசாப்ட் சொன்னது, பலமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், 15 முறை வரை தேவைப்பட்டதாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்கள் என்பதே. சூத்திரத்துக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாது. அதற்கும் மசியாத கணினிகளை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, ஒரே ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டிய கணினி என்றால் அதற்கும் முன்னால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. இந்தப் பக்கம் அப்ரண்டிஸ் போனில் வாசிக்க, அந்தப் பக்கம் ஒருவர் ஒற்றை விரலால் தட்டுகிறார். ஐந்தாவது தொகுதியில் குரல் வருகிறது: “தம்பி, ஒரு நிமிஷம், வேற கால் வருது.”