டீச்சரம்மா இடுப்புக்கு ஒரு பி.டி. பீரியட்

வாங்க டீச்சரம்மா, இப்படித் திண்ணையில ஒக்காருங்க. ஒக்கார முடியலையா? அப்ப நில்லுங்க. நிக்கவும் முடியலையா? அப்ப இன்னைக்குப் பாடம் நல்லாதான் நடத்தியிருக்கீங்க!

தோள்ல இன்னா அது, நோட்டு மூட்டையா? வீட்டுப்பாடம் புள்ளைங்களுக்குத்தானே குடுத்தீங்க? அதை நீங்க ஏன் கொரட்டூர் ஸ்டேஷன்லருந்து ஒத்தத் தோள்ல சுமந்துகினு வர்றீங்க?

"அந்தக் காலத்துல நாத்து நட்டவங்களுக்கு இடுப்புவலியா வந்துச்சு?"ன்னு கேக்காதீங்க. நம்ம ஏரித் தண்ணியில நட்ட பொம்பளைங்களுக்கும் வந்துச்சு. மெடிக்கல் லீவு குடுக்கத்தான் ஆள் இல்ல.

உங்க இடுப்புக்கு அரசாங்கமும் கொஞ்சம் உதவி பண்ணிச்சு. செயல்வழிக் கற்றல் 2007-08ல மாநிலம் பூரா வந்தப்ப, கரும்பலகையைப் புள்ளைங்க ஒசரத்துக்கு இறக்கினாங்க. நல்ல காரியந்தான். டீச்சர் ஒசரத்தை யாரு இறக்குறது? இடுப்பே இறங்கிக்கிச்சு. இப்ப நாலு பீரியட் நின்ன எடத்துலயே நிக்கிறீங்க, அப்பால ஒக்காந்த எடத்துலயே எமிஸ் வெப்சைட்ல புள்ளைங்க விவரத்தை ஏத்துறீங்க, ராத்திரி குனிஞ்சபடியே பேப்பர் திருத்துறீங்க.

முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் ரொம்பக் கம்மி. ஒடம்பு அசைஞ்சாதான் அதுக்குச் சாப்பாடு போய்ச் சேரும். அதைப் பட்டினி போட்டுட்டுத் தைலத்தைக் குத்தம் சொன்னா எப்படி?

பெல்ட்டு வேற கட்டிகினு வந்திருக்கீங்க! என் பேத்தி பிசியோதெரபி படிக்கிறா. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல போட்ட வழிகாட்டியை வாசிச்சுக் காட்டினா. நாள்பட்ட இடுப்புவலிக்குப் பெல்ட்டும் வேணாம், கட்டி இழுக்குற வைத்தியமும் வேணாம், ஒடற்பயிற்சி பண்ணுங்கன்னு சொல்லியிருக்காங்க. 2020ல ஒலகத்துல 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்துச்சாம். 2050ல 84.3 கோடி ஆகுமாம். இருக்குற ஆசிரியர் சங்கம் போதாதுன்னா இதுக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுடலாம்.

படுத்தே கெடங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லுவாங்க. வாரம் பூரா படுத்தா வலி போகாது, லீவுதான் போகும். அரை மணிக்கு ஒருக்கா எடம் மாத்துங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போய்ப் பாடம் நடத்துங்க. அங்க இன்னா நடக்குதுன்னும் தெரிஞ்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்ல. காலு மரத்துப் பலம் கொறைஞ்சாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போனாலோ, இந்தக் கெழவன் பேச்சை விட்டுட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

மத்தபடி மருந்து உங்க டைம்டேபிள்லயே இருக்கு. போர்ஷன் முடியலன்னு புள்ளைங்ககிட்டருந்து புடுங்குறீங்களே, அந்த பி.டி. பீரியட்தான். நாளைக்கு அதைத் திருப்பிக் குடுங்க. குடுத்துட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போயிடாதீங்க, நீங்களும் கூடவே மைதானத்துல எறங்குங்க!